ஏழாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அத்தையின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். அந்த முழங்காலும் நேற்று முதல் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீங்கள் நால்வரும் புது ஊரின் குளிருக்குப் பழகிவிட்டீர்களா? சின்னவன் காலுறையைக் கழற்றிக் கழற்றி எறிவதாக எழுதியிருந்தாய். மூன்று வயதில் அதுதான் அவன் உத்தியோகம். விட்டுவிடு.

நீ போனில் அனுப்பிய கட்டம் போட்ட தாளைக் கடைக்காரரிடம் கொடுத்து அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இடது பக்கம் ஏரிக்கரை வீடு. வலது பக்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வீடு. ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எத்தனை சாலை கடக்க வேண்டும், மருத்துவர் எங்கே, மாடிப்படி எத்தனை என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். முப்பத்து நான்கு வருடம் வாத்தியாராக இருந்தும் எனக்கு இவ்வளவு சுத்தமாகப் பாடக்குறிப்பு எழுத வந்ததில்லை. "உங்க மருமக உங்களுக்கே பரீட்சை வெச்சிட்டா, ஒழுங்கா பதில் எழுதுங்க" என்றாள் அத்தை.

கம்பெனி கொடுத்த தற்காலிக வீட்டில் இன்னும் ஏழு வாரம்தான் இருக்கலாம், அதற்குள் இரண்டில் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டும், எந்தப் பேட்டையில் வீடோ அந்தப் பேட்டைப் பள்ளியில்தான் நம் பெரியவள் மிளகுக்கு இடம் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நீ வீடு தேடவில்லை, அம்மா. பள்ளிக்கூடத்துக்குள் நுழைய ஒரு வாசல் தேடுகிறாய். அந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிக் கேள்வி கழன்றுவிடும். மாடிப்படி எத்தனை இருந்தால் என்ன?

ஏரிக்கரைப் பள்ளி தரவரிசையில் மூன்றாவது என்பதை அடிக்கோடு போட்டிருக்கிறாய். கோடு போட்டது நீயா, உன் வீட்டுக்காரனா தெரியவில்லை. தரவரிசையைப் பற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி எந்தத் தேதியில் வருவார் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். ஒரே பாடத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்ப நடத்துவோம். அவர் வந்து உட்கார்ந்ததும், அன்றைக்குத்தான் அந்தப் பாடம் தற்செயலாக வந்தது போல நடத்துவோம். பிள்ளைகள் பட்பட்டென்று பதில் சொல்வார்கள். அவர் மிக நன்று என்று எழுதிவிட்டுப் போவார். பள்ளி மிக நன்றாகத்தான் இருந்தது, அந்த ஒரு பாடத்தில்.

அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் இரண்டு வாசலிலும் ஒவ்வொரு நாள் போய் நில். பிள்ளைகள் பேசிக்கொண்டு வருகிறார்களா, பேசாமல் வருகிறார்களா பார். கடைசியாக வரும் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள் என்று பார். முதலாவதாக வரும் பிள்ளையை எல்லாப் பள்ளியிலும் கவனிப்பார்கள். முடிந்தால் கழிப்பறையைக் காட்டச் சொல். தயங்கினால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஏரிக்கரையில் உன் வீட்டுக்காரனோடு வேலை பார்ப்பவர்கள் ஆறு குடும்பம் இருக்கிறது, எல்லாரும் நம் மொழி பேசுகிறவர்கள் என்றாய். பக்கத்து வீட்டில் நம் பேச்சு காதில் விழுவது நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளை எத்தனை மார்க் என்றும் அவர்கள் நம் மொழியிலேயே விசாரிப்பார்கள்.

இனி அந்தப் படிவம். ரயில் நிலையத்துப் பள்ளியில் மாடி அறையில் இருக்கும் வாசிப்பு ஆசிரியை கொடுத்தது. பழைய பள்ளி அல்லது குழந்தைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், அசல்தான் வேண்டும் என்று சொன்னாராம். மிளகுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பதால் நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வியை நீ வட்டமிட்டு, இதுதான் முக்கியமாம் மாமா என்று எழுதியிருந்தாய். குழந்தை தன் தாய்மொழியில் எப்படி வாசிக்கிறாள் என்பது கேள்வி. தாய்மொழியில் நன்றாக வாசிக்கும் பிள்ளை புது மொழியில் திணறினால் அது வெறும் பழக்கக் குறைவு, ஆறு மாதத்தில் சரியாகிவிடும். தாய்மொழியிலேயே திணறினால் அது வேறு, அதற்கென்று தினமும் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்த ஆசிரியை சொன்னதாக எழுதியிருந்தாய். கெட்டிக்கார ஆசிரியை. சரியான இடத்தில் கேட்டிருக்கிறார்.

நான் எழுதிய பதில்: வாசிப்பு நன்று. பாடத்தைத் தடையின்றி, பிழையின்றி சொல்வாள்.

ஆகவே அந்த மாடி அறை மிளகுக்குத் தேவைப்படாது. உன் வீட்டுக்காரன் ஏரிக்கரைதான் என்று நிற்பதால் அதையே பாருங்கள். அந்தப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதல்லவா, போதும்.

மேலே எழுதியதெல்லாம் ரயில் நிலையத்துப் பக்கம் இழுப்பது போலவும், முடிவு மட்டும் ஏரிக்கரைக்குப் போவது போலவும் உனக்குத் தோன்றலாம். வயதானவன் கடிதம் அப்படித்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

அன்புடன்,
மாமா

◆

புதன்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உன் அத்தைக்காக உரக்க, இரண்டாம் முறை எனக்காக.

படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அந்த வாசிப்பு ஆசிரியை மிளகை அருகில் உட்காரவைத்து, நீங்கள் கொண்டுபோன நம் மொழிப் படக்கதைப் புத்தகத்தை விரித்து, பிடித்த பக்கத்தை வாசிக்கச் சொன்னாராம். யானை ஆற்றில் இறங்கியது என்று அச்சிட்டிருந்த இடத்தில், யானை தண்ணியைப் பீச்சி அடிச்சு ஜாலியா குளிக்குது என்று மிளகு வாசித்தாளாம். படத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆசிரியைக்கு நம் மொழி தெரியாது, பக்கத்தில் இருந்த உனக்குத்தான் சுருக்கென்றதாம். பிறகு அவர் படம் இல்லாத பக்கத்தைத் திருப்பியதும் மிளகுக்கு அவசரமாகப் பாத்ரூம் வந்துவிட்டதாம். அச்சில் இருந்தது வேறு என்று நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் மறுபடியும் என் படிவத்தை எடுத்துப் பார்த்து, இதை எழுதியவர் ஆசிரியரா என்று கேட்டிருக்கிறார். நீ பெருமையாக, முப்பத்து நான்கு வருடம் என்று சொல்லியிருக்கிறாய். அப்படியானால் கூச்சமாகத்தான் இருக்கும் என்று கோப்பை மூடிவிட்டார்.

புது இடம், புது முகம். குழந்தை கூச்சப்படுவது இயல்புதான். தூக்கக் கலக்கமாகவும் இருந்திருக்கலாம்.

உன் வீட்டுக்காரன் அந்த அறையை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று சொல்லி இறங்கிப்போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மூன்று ஜன்னல், ஒரு வட்ட மேசை, நான்கு பிள்ளைகள் என்று அறையைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். உயரமான கட்டடத்தில் லிப்ட் கூண்டுக்குள் மணிக்கணக்கில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவனுக்கு மூன்று ஜன்னல் உள்ள அறையில் மூச்சு முட்டுவானேன் என்று கேட்டிருக்கிறாய்.

உனக்குத் தெரிந்ததுதான், சென்ற வாரம் அவன் எனக்குப் போன் செய்தான். ஏரிக்கரைப் பள்ளித் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லி நான்கு கேள்வி கேட்பார்களாம். அவனோடு வேலை பார்ப்பவரின் பெண் போன வருடம் எழுதினாளாம். சுற்றிச் சுற்றி இருபது பத்திகளில் ஒன்றுதான் வருமாம், அத்தனையும் அவரிடம் இருக்கிறதாம். "அப்பா, நீங்க சொல்லிக்குடுத்தா அவ புடிச்சிக்குவா. எனக்குத் தெரியும்ப்பா" என்றான். பத்திகளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டான். பத்திகள் அந்த ஊர் மொழியில் இல்லை, மிளகு இங்கே பள்ளியிலேயே பேசிப் பழகிய மொழியில்தான், எனக்கும் அது பரிச்சயமானதுதான். ஒப்புக்கொண்டேன்.

தினமும் மாலை போனில் அரை மணி நேரம். நான் ஒரு வரியைச் சொல்கிறேன், அவள் திருப்பிச் சொல்கிறாள். மூன்று முறை சொன்னால் வரி ஒட்டிக்கொள்கிறது, ஆறு முறையில் பத்தி ஒட்டிக்கொள்கிறது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கேள்வி போல் குரலை ஏற்ற வேண்டும் என்பதுவரை வந்துவிட்டது. இருபதில் பதினான்கு முடிந்தது. கேட்பவர் யாரும் அது மனப்பாடம் என்று சொல்லமாட்டார். நடுவில் ஒரு சொல்லில் கொஞ்சம் தடுமாறிப் பிறகு திருத்திக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள். அது அவளாகவே சேர்த்துக்கொண்டது.

உன் அத்தைக்கு இதில் விருப்பமில்லை. நேற்று நான் போனை வைத்ததும் சமையலறையிலிருந்தே, "ஒரு தடவை பண்ணினது போதாதாங்க?" என்றாள். நான் கேட்காதது போல் இருந்துவிட்டேன். அவள் கரண்டியைத் தட்டி வைத்த சத்தம் மட்டும் கேட்டது. முழங்கால் வலியில் அவள் அப்படித்தான் எதையாவது சொல்வாள்.

நேற்று முடிக்கும்போது மிளகு என்னிடம், "தாத்தா, டெஸ்ட் அன்னைக்கு நீங்க போன்ல இருப்பீங்களா? நான் காதுல வெச்சுக்கிட்டா டீச்சருக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டாள். அதெல்லாம் கூடாது கண்ணு என்றேன். அவள் சரி என்றாள். அதற்கப்புறம் குட் நைட் சொல்லாமல் வைத்துவிட்டாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், குளிரில் அவளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று பார்த்துக்கொள்.

சாலை கடக்கும்போது சின்னவன் கையை விடாதே.

அன்புடன்,
மாமா

◆

செவ்வாய்க்கிழமை, விடியற்காலை

அன்புள்ள மருமகளுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நான்கு நாளில் கிடைக்கும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஏரிக்கரை வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறீர்கள். திங்கட்கிழமை வரை தள்ளிப்போடச் சொல்லி உனக்கு இன்று காலை போனில் ஒரு வரி அனுப்புவேன். காரணம் கேட்காமல் தள்ளிப்போடு. காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. பேசியே சொல்லியிருக்கலாம்தான். உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது.

நேற்று மாலை மிளகிடம் ஐந்தாவது பத்தியைச் சொல்லச் சொன்னேன். ஐந்தாவது ஒரு கப்பலைப் பற்றியது. அவள் கடகடவென்று ஒரு தேனீயைப் பற்றிச் சொன்னாள். அது பதினொன்றாவது. ஒரு பிசிறு இல்லை, ஏற்ற இறக்கமெல்லாம் கச்சிதம். முடித்ததும் உன் வீட்டுக்காரன் கை தட்டி, "பார்த்தியா, என் பொண்ணு!" என்றான். தாளைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் அவன்தான். ஐந்தாவது தாளை எடுத்துவிட்டேன் என்று முதலிலேயே அவன்தான் போனில் சொன்னான். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

போனை வைத்தேன். உன் அத்தை வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மிளகு இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் எனக்குப் பாடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. புரண்ட பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பழைய பக்கத்தைக் கடைசிவரை வாசித்தாள். வகுப்பில் எல்லாரும் கோரஸாகச் சொல்வதைக் கேட்டே முழுப் புத்தகமும் அவளுக்குப் பாடமாகியிருந்தது. அன்றைக்கு அவளைத் தனித்தனி எழுத்தாகக் கேட்டுப் பார்த்தேன். கொம்பு போட்ட எழுத்து வந்தால் நின்றுவிட்டாள். நீளமான சொல் என்றால் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை அவளே சொல்லிக்கொண்டாள். மரம் என்பதை மழை என்றாள், மாடு என்றாள், என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றினாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா" என்றாள்.

நான் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டதால் அல்ல. வாசிப்பு வாத்தியார் என்றுதான் இந்தத் தெருவில் எனக்குப் பெயர். நானூறு பிள்ளைகளுக்காவது எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருப்பேன். என் வீட்டுப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? அதனால் அன்று முதல் மாலையில் நான் பாடத்தை உரக்கச் சொல்வேன், அவள் பிடித்துக்கொள்வாள். தொண்ணூறுக்குக் குறைந்து மார்க் வாங்கியதில்லை. நீ எனக்கு நன்றி சொல்லி ஸ்வெட்டர் வாங்கித் தந்தாய். அதை நான் இன்றுவரை போடவில்லை என்று அத்தை உன்னிடம் குறை சொல்லியிருப்பாள்.

ஏழாவது கேள்விக்கு நான் எழுதியது பொய். பிழையின்றி வாசிப்பாள் என்று எழுதக் கை வராமல், பிழையின்றி சொல்வாள் என்று எழுதினேன். அதனால் அது உண்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் படித்த பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பெஞ்சில் ஏற்றியிருப்பேன்.

நீங்கள் ஊர் மாறாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருப்பேனோ என்னவோ. இப்போது மாறிவிட்டதால் இது இன்னும் ஆழமாகப் புதைந்துவிடும். அவள் அங்கே எங்கே தடுமாறினாலும் எல்லாரும் புது மொழி என்பார்கள், புது ஊர் என்பார்கள், நீயும் அப்படித்தான் நினைப்பாய். சரியான கேள்வி கேட்டவர் ஒருவர்தான். அவர் வாயையும் என் கையெழுத்தால் அடைத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இது உன் வீட்டுக்காரனைப் பற்றியது. குழந்தைகள் தூங்கிய பிறகு இந்தப் பகுதியைப் படி.

உன் அத்தை, ஒரு தடவை பண்ணினது போதாதா என்று கேட்டதாகப் போன கடிதத்தில் எழுதினேன். அந்த ஒரு தடவை அவன்தான். அவனும் இதே போலத்தான் இருந்தான். நான்காம் வகுப்பில் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். முதலில் அடித்தேன். ஒரு வருடம் அடித்தேன் என்று எழுதுவதுதான் சரி. அடியில் வரவில்லை என்றதும் மாலையில் உட்காரவைத்துக் காது வழியாகப் புகட்ட ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்புவரை அப்படியே கொண்டுபோனேன். அதற்கு மேல் தொழிற்பயிற்சிக்குப் போனதும் அவனுக்கு விடுதலை கிடைத்தது. ஓடுகிற லிப்டின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வான் என்று அவனுடைய மேலாளர் என்னிடம் ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பதினொரு வருடம் அவனோடு குடும்பம் நடத்துகிறாய். அவன் ஓட்டலில் மெனு அட்டையைத் திறக்காமலே, நீ சொல்றதே எனக்கும் என்பதும், வேலை அறிக்கையை அவன் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொடுப்பதும், பள்ளிக்கூடக் காகிதங்களையெல்லாம் உன் தலையில் கட்டிவிட்டுத் தரவரிசை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதும் உனக்குப் புதிதல்ல. சோம்பேறித்தனம் என்று அவனைத் திட்டியிருக்கிறாய், நானும் கேட்டிருக்கிறேன். அப்போதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது சோம்பல் இல்லை, அம்மா. அவன் நன்றாகப் படித்தவன் என்று உன் வீட்டாரிடம் பெண் கேட்க வந்தபோது சொன்னவனும் நான்தான்.

அந்த மாடி அறையில் அவனுக்கு மூச்சு முட்டியது ஏன் என்று கேட்டாயே. வட்ட மேசையைச் சுற்றி நான்கு பிள்ளைகள் திக்கித் திக்கி வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். அவன் பார்த்தது அந்த மேசையை அல்ல. என் வகுப்பை. அங்கே மகளைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் அவளுக்கும் அடி விழும் என்று நினைக்கிறானோ, ஊர் சிரிக்கும் என்று நினைக்கிறானோ, எனக்குத் தெரியாது. அவனிடம் நான் கேட்டதே இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. பழைய படிவத்தை அந்த ஆசிரியையிடமிருந்து திரும்ப வாங்கிவிடு. புதிதாக ஒன்று நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்விக்கு இடம் போதாமல் தனித்தாள் ஒட்டியிருக்கிறேன். நீ மொழிபெயர்த்துச் சொல்ல வசதியாக இங்கேயும் எழுதுகிறேன்:

வாசிப்பதில்லை. கேட்டதை மனத்தில் வைத்துச் சொல்கிறாள். நினைவாற்றல் அபாரம். தனி எழுத்துகளில் முக்கால் பங்கு தெரியும், அவற்றைச் சொல்லாகச் சேர்க்க வரவில்லை. வரியை விட்டு வரி தாவுகிறாள். கதை கேட்டால் அதைப் பற்றி வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி கேட்பாள். இவை இரண்டு வருடமாக எனக்குத் தெரியும். முந்தைய படிவத்தில் மறைத்தேன். மறைத்தது என் குற்றம், குழந்தையின் தாய்க்கு இதில் பங்கில்லை.

கையெழுத்துக்குக் கீழே ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எழுத யோசித்தேன். அவர் அதைக் கேட்டுத்தானே முதல் முறை ஏமாந்தார். இருந்தாலும் எழுதியிருக்கிறேன். இதையும் ஒரு ஆசிரியர்தான் எழுதினார் என்று தெரியட்டும்.

வீட்டைப் பற்றி என் கருத்து இப்போது நேரானது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ளதையே எடுங்கள். இரவில் ரயில் சத்தம் கேட்கும், கீழே கடைகள் இருக்கும், ஆறு குடும்பத்தில் ஒருவராவது, ஏன் அங்கே போனீர்கள், ஏரிக்கரையில் இடம் கிடைக்கவில்லையா என்று கேட்பார். மகளுக்கு அங்கே ஒரு ஆசிரியை இருக்கிறார் என்று சொல். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரைத் தேர்வில் அவள் தேறிவிடுவாள், அதுதான் எனக்குப் பயம். தேறிவிட்டால் அதற்கப்புறம் அவளுக்கு எத்தனை பத்திகளை யார் போனில் சொல்வது? எனக்கு எழுபத்தொன்று ஆகிறது.

நேற்றோடு மாலைப் பாடம் நின்றது. மிளகிடம், தாத்தா கோபமாக இல்லை என்று மறக்காமல் சொல். பத்திகளை அவள் மறந்துவிடலாம் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், கதை மட்டும் பேசுவோம்.

உன் வீட்டுக்காரனுக்கு எப்படிச் சொல்வது என்பதை உன்னிடம் விடுகிறேன். அவனைப் பற்றி நான் முடிவெடுத்ததெல்லாம் தப்பாகவே போயிருக்கிறது. நீ என் மேல் கோபப்பட்டால் அதற்கு நியாயம் இருக்கிறது, ஸ்பீக்கரிலேயே கோபப்படு. உன் அத்தை உன் பக்கம்.

உறையில் தனியாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. அது அவனுக்கு. பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, எளிய சொற்களாகத் தேடித் தேடி எழுதியிருக்கிறேன். நான்கு முறை கிழித்துவிட்டு ஐந்தாவது முறை எழுதியது. நீ வாசித்துக் காட்ட வேண்டாம். அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வா. எவ்வளவு நேரமானாலும் உள்ளே போகாதே.

நீ நன்றாக இரு, அம்மா.

மாமா

◆

கண்ணா,

இதை நீயே படி.

மெதுவாகப் படி.

நீ மக்கு இல்லை.

அன்றும் இல்லை.

எனக்குத்தான் சொல்லித் தரத் தெரியவில்லை.

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

அதனால் அடித்தேன்.

மிளகு அந்த அறைக்குப் போகட்டும்.

அங்கே அடி இல்லை.

நீயே அவளைக் கூட்டிப் போ.

வாசலில் நிற்காதே.

நீயும் உள்ளே போய் உட்கார்.

அப்பா